நின்று நின்று நடப்போர்

(மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



என் தமையனார் கோயிலுக்குச் செல்லுங்கால் பாதி வழியில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பார். சற்றே தாழ்த்து மீண்டும் நடப்பார். கெண்டைக்கால் நோவை மறைக்கவே அங்ஙனம் நின்றார் என்பதை யாம் அறிந்திலோம், மூப்பென்று நகைத்தோம். பின்னர்ப் பெருவிரலில் உண்டான சிறு புண் ஆறாது அழுகிற்று. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தார்.

நடந்தால் வலித்து, நின்றால் தணியும் இந்நோவு, காலுக்குக் குருதி செலுத்தும் தமனிகள் கொழுப்புப் படிந்து குறுகியதன் அறிகுறியாகலாம். பிரெஞ்சு வைத்தியர் ஷார்கோ 1858-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தனர். ஆயினும் நோயுற்றோர் பலர்க்கு வலியே தோன்றுவதில்லை. ஆதலின் அளந்தறிதல் வேண்டும்.

அளக்கும் முறை எளிது. படுக்கவைத்துக் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் பார்ப்பர். கணுக்காலளவைக் கையளவால் வகுத்து வரும் ஈவு 1.00 முதல் 1.40 வரை இருப்பது இயல்பு, 0.90 அல்லது அதனிற் குறைவாயின் நோயுண்டென்பர். ஊசியில்லை, வலியில்லை. நெடுநாள் நீரிழிவுடையார்க்குத் தமனி இறுகி, அளவு பொய்யாக உயர்ந்து காட்டுதலும் உண்டு. அவர்க்குக் கால்விரலில் அளப்பர்.

50 வயது கடந்த நீரிழிவினரும், புகைபிடிப்போரும், 65 வயது கடந்தோரும் இச்சோதனை குறித்து வைத்தியரை வினவுக. காலில் அடைபட்டார்க்கு இருதயத்திலும் மூளையிலும் அடைப்புண்டாகும் அச்சம் மிகுதி. புகையை விடுதலும், வைத்தியர் சொற்படி நாடோறும் நடத்தலும், மருந்துண்டலும் காலையும் காக்கும், உயிரையும் காக்கும்.

அன்பர்களே! நும் இல்லத்துப் பெரியவர் வழியில் நின்றால் நகையாதீர், காரணம் கேளுங்கள். யான் கேட்டிலேன்.