பன்றிக்கு வைத்த கண்ணி
(பதுளையில் விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பசறையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் வந்திருக்கும் உங்களுக்குக் காட்டுப்பன்றியின் குணத்தை நான் எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியும் வற்றாளையும் நட்டவன், பகலெல்லாம் மலையில் உழைத்துக் களைத்த பின்னும் இரவில் தகரத்தைத் தட்டிக்கொண்டு விழித்திருக்கிறான். ஒருநாள் கண்ணயர்ந்தால் போதும். மாதக்கணக்கான பாடு ஒரே இரவில் கிளறப்பட்டுவிடுகிறது. தேயிலையைப் பன்றி தின்பதில்லை. ஆயினும் மண்புழுவைத் தேடி இளங்கன்று நட்ட மலையையும் கானையும் உழுதுவிடுகிறது.

இந்தப் பெருக்கம் எங்கிருந்து வந்தது? நாலு மாதத்துக்கும் குறைந்த சினைக்காலத்தில் நாலைந்து குட்டி ஈனும் விலங்கு அது. அதற்கு வேண்டியது மறைவிடம். கைவிடப்பட்ட மலைகள் மானாப்புல்லும் பற்றையுமாய் அதைக் கொடுக்கின்றன. 1975 இல் அரசு சுவீகரித்த கம்பெனித் தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. காடாகிப் போன மலைக்குப் பொறுப்பாளி யார்?

2025 மார்ச் 15 ஆம் நாள் காலை, பயிரழிக்கும் விலங்குகளை ஐந்து நிமிடம் நாடெங்கும் எண்ணினார்கள். குரங்கையும் மயிலையும் எண்ணலாம். இரவில் வரும் பன்றி, காலை எட்டு மணிக்கு வந்து பெயர் கொடுக்குமா?

இனி நான் சொல்வது சிலருக்குக் கசக்கும். கம்பிச் சுருக்கு வைக்காதீர்கள். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிக்கு அருகே லக்சபான தோட்டத்தில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டு சென்றும் சில நாளில் இறந்தது. பன்றிக்குட்டியைப் பிடிக்கும் சிறுத்தையைக் கொன்றுவிட்டுப் பன்றி பெருகிற்றென்று முறையிடுவது என்ன நியாயம்? வழக்கு வந்தால் கூண்டில் நிற்பவனும் தொழிலாளிதான். வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் பாய்ச்சுவது அதனினும் கொடிது. அதில் மனிதர் மடிகின்றனர்.

துப்பாக்கி அனுமதி உண்டே என்பார்கள். உறுதி இல்லாத அரைத்துண்டுத் தோட்டத்துக்கு அதைக் கேட்டு எவன் கச்சேரிப் படி ஏறுவான்? காணியுரிமை இல்லாத குறை இங்கும் நம்மைக் கடிக்கிறது.

ஆகவே தனித்தனிக் காவலை விடுங்கள். ஒரு லயத்துத் தோட்டங்கள் அனைத்துக்கும் ஒரே வேலி. பன்றி அடியில் தோண்டி நுழையுமாதலால் தகரத்தை ஒரு முழம் மண்ணில் புதையுங்கள். இயன்ற இடத்தில் சூரிய ஒளியால் இயங்கும், விட்டு விட்டு அதிரும் வேலி போடலாம்; அது துரத்துமேயன்றிக் கொல்லாது. லயத்தை ஒட்டிய பற்றையை வெட்டுவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. எந்த மலை எத்தனை ஏக்கர் பற்றையாய்க் கிடக்கிறது, எவர் பயிர் என்று அழிந்தது என ஒவ்வொரு தோட்டத்திலும் எழுதி வாருங்கள். அந்தத் தாள்களோடு கச்சேரிக்கு ஒன்றாகப் போவோம்.