ஆயத்துள் ஒருத்தி



அக இலக்கியத்தில் தலைவியைச் சூழ்ந்து நிற்கும் மகளிர் கூட்டத்திற்கு ஆயம் என்று பெயர். ஓரை ஆடுவதும் வண்டல் இழைப்பதும் புனல் பாய்வதும் ஆயத்தோடுதான். தலைவன் அந்த வட்டத்திற்குப் புறத்தே நிற்பவன். தோழியின் தயவின்றி அணுக இயலாதவன். ஆணுடலோடு பிறந்து பெண்கோலம் பூண்ட ஒருவரை ஆயம் தன்னுள் ஒருத்தியாக ஏற்குமா என்பதே இவ்வுரையின் பொருள்.

இலக்கணம் இதற்கு என்றோ விடை சொல்லிவிட்டது. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்த பெயரை உயர்திணையுள் வைத்தார்; அதற்கெனத் தனி ஈறு இல்லை என்றார்; பின்னும் ஒருபடி சென்று, ஆண்பால் உணர்த்தும் ஈறு அதற்கு ஆகாது என்று விலக்கினார். எனவே 'பேடி வந்தாள்' என்பதே மரபு. 'பேடி வந்தான்' என்பது வழு. 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இதனை விரித்து, ஆண்மையை விட்டுப் பெண்மையை விழையும் பேடு பெண்பால் என்றும், மறுதலையாய் அமைவது ஆண்பால் என்றும் வகுத்தார். உடலைச் சோதிக்குமாறு அவர் கூறவில்லை. விழைவை நோக்கச் சொன்னார். எனினும் அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரண்டும் அஃறிணை போன்று வருதலும் உண்டு என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்துவிட்டார். கடைத்தெருவில் 'அது வருது பார்' என்று சிரிப்பவன் நன்னூல் கற்றவன் அல்லன். ஆயினும் அவன் நாவில் இருப்பது அந்தக் கடைசி அடிதான். பேடி என்னும் சொல் கோழை எனும் வசையாய்த் திரிந்ததில் வள்ளுவருக்கும் பங்குண்டு. அவைக்கு அஞ்சுவோன் கற்ற நூலுக்குப் போர்க்களத்துப் பேடியின் கைவாளை அவர் உவமையாக்கினார். போற்றத்தக்கவரை எல்லா இடத்தும் போற்றியாக வேண்டும் என்பதில்லை.

சிலம்பில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் ஒன்று பேடு. வாணனின் நகரில் காமன் பெண்கோலம் கொண்டு ஆடியது அது. ஆண் ஒருவன் பெண்ணாகி ஆடிய கூத்தை ஒரு பெண் தன் கலையாக எடுத்து ஆடுகின்றாள்.

ஆயம் ஏற்றதைக் கண்ணாரக் காட்டுவது பாரதத்தின் விராட பருவம். வனவாசம் முடிந்த 13ஆம் ஆண்டில், சங்கு வளையும் குழையும் அணிந்து, பிருகன்னளை என்ற பெயருடன் அருச்சுனன் விராடனின் அவைக்கு வருகின்றான். மகளுக்கு ஆடலும் பாடலும் கற்பிக்க அரசன் இசைகின்றான். ஆனால் பெண்டிரைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே கன்னிமாடத்துள் விடுகின்றான். அந்தச் சோதனை அரசனின் ஐயத்தைத் தீர்த்தது. பெண்களின் நெஞ்சில் அது இடம் வாங்கித் தரவில்லை. இடம் கிடைத்தது ஓராண்டுப் பழக்கத்தால். உத்தரனுக்குத் தேரோட்டியாய்ப் பிருகன்னளை போருக்குப் புறப்படும்போது உத்தரையும் தோழியரும் சூழ்ந்துகொண்டு ஒன்று கேட்கின்றனர்: வென்று வரும்போது எங்கள் பாவைகளுக்கு உடுத்த நல்ல துணி கொண்டுவா. வீடுமனும் துரோணனும் எதிர்நிற்கும் போர் அது. அப்போரிலிருந்து பொம்மைக்குத் துணி கேட்கும் உரிமை, அயலாரிடத்தில் எவருக்கும் தோன்றாது. துணியும் வந்தது.

பிறகு உண்மை வெளிப்படுகின்றது. விராடன் உத்தரையை அருச்சுனனுக்கே மணம் முடிக்க முன்வருகின்றான். அவன் மறுத்து, அவளை அபிமன்யுவுக்கு மணமகளாய்க் கேட்கின்றான். ஓராண்டுக் காலம் அவள் தன்னைத் தந்தை போல் நம்பிப் பழகினாள் என்பது அவன் கூறும் காரணம். வில்லாண்மையினும் இம்மறுப்பே அவனுக்குப் பெருமை. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. அருச்சுனனுக்கு அது களையக்கூடிய கோலம். ஆண்டு முடிந்ததும் வளையைக் கழற்றி வைத்தான்.

பத்திக் கவிஞர் களைந்தாரா? மாணிக்கவாசகர் அம்மானை ஆடும் பெண்களோடு அமர்ந்தார், பொற்சுண்ணம் இடித்தார், பூக்கொய்தார், உந்தி பறந்தார், பொன்னூசல் ஆடினார், மார்கழி விடியலில் உறங்குபவளை எழுப்பும் குரலோடு குரலானார். திருவாசகத்தின் ஒரு பெரும்பகுதி மகளிர் விளையாட்டு. இந்தப் பண்ருட்டியின் திருவதிகையில் சூலைநோய் தீரப் பாடிய நாவரசரும் பின்னர் தலைவனின் பெயர் கேட்டுப் பித்தானவளைத் திருவாரூரில் பாடினார். பக்கத்து வடலூர் வள்ளற்பெருமான் அனுபவமாலையைத் தோழியை விளித்தே கூறினார். அப்பாடல்களை மகளிர் ஏற்றனர். இன்றளவும் மார்கழியில் பாடுகின்றனர். பாட்டில் பெண்ணான ஆடவரை எவரும் வாயிலில் நிறுத்தி வினவியதில்லை.

உயிரோடு வந்து நின்றவர் கதை வேறு. பண்ருட்டிக்கு மேற்கே, உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா. களப்பலிக்கு முன் அரவானை மணக்கக் கண்ணன் மோகினியானான் என்பது கதை. பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதனை அறுத்து, வளை உடைத்து, வெள்ளை உடுத்தி அழுவோர் ஆயிரக்கணக்கினர். அரவாணி என்ற பெயர் வந்தது அவ்வழி. திருநங்கை என்பது பின்னர் நிலைத்தது. பெண்ணின் வாழ்வில் ஊர் அவர்களுக்குத் தயங்காமல் அளித்த பங்கு கைம்மைக் கோலம்தான் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது.

அ. ரேவதி தம் வரலாற்றை 'வெள்ளை மொழி' என்ற பெயரில் 2011இல் தமிழில் தந்தார். நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். ஊர்த் திருவிழாவில் சிறுவனாக அவர் குறத்தி வேடமிட்டபோது ஊர் மெச்சிற்று. அது வேடமன்று, வாழ்வு என்று அவர் வீட்டை விட்டுச் சென்று மீண்டபோது கிடைத்தது அடி. இங்குள்ள கவிஞர்கள் இந்நூலைப் படித்தல் வேண்டும். பெண்குரலில் பாடுவோர் கட்டாயம் படித்தல் வேண்டும். புறந்தள்ளப்பட்டவர்கள் தமக்கெனத் தாயும் மகளும் பாட்டியும் பெயர்த்தியுமாய் ஓர் ஆயத்தைத் தாமே கட்டிக்கொண்டதையும் அதில் காணலாம். அவ்வுறவிலும் அதட்டல் உண்டு, பூசல் உண்டு. இருந்தும் 'மகளே' என்று விளிக்க ஒருத்தி உண்டு.

அரசும் மன்றமும் மெல்ல அசைந்தன. 2008இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. 2019 சனவரியில் அப்சரா ரெட்டி என்னும் திருநங்கை அகில இந்திய மகிளா காங்கிரசின் தேசியப் பொதுச் செயலாளராக அமர்த்தப்பட்டார். மகளிர் அமைப்பு ஒன்று தன் அவையிலேயே இருக்கை தந்தது அது. அதே ஆண்டு ஏப்பிரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் எனும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது. நன்னூலார் கேட்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

2021இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அடுத்த மாதமே திருநங்கையர்க்கும் அது நீண்டது. பயணச்சீட்டை நடத்துநர் கொடுத்துவிடுகின்றார். மகளிர் இருக்கையில் சன்னலோரம் இருப்பவள், மடியில் இருக்கும் பையைச் சற்றே இழுத்துக்கொண்டு, 'உக்காரு அக்கா' என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.