தங்கவயலை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கே.ஜி.எஃப்' என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவர்கள் உடனே ஆரவாரம் செய்வார்கள். 2018-ல் வெளியான திரைப்படம் அந்தப் பெயரை அவர்களிடம் கொண்டு சேர்த்துவிட்டது. ஆனால், அது கோலார் தங்கவயல் என்னும் உண்மையான ஊர் என்பதும், தமிழ்நாட்டின் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது என்பதும், அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. வேலூர், திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகளில் படிக்கும் சில குழந்தைகளின் கொள்ளுத்தாத்தாவே அங்கு வேலை பார்த்திருக்கக்கூடும். அந்தக் குழந்தைக்கும் தெரியாது. அதனால்தான் இன்று இந்த ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

வறண்ட மண்ணில் ஒரு நகரம்

கோலார் வறட்சிக்குப் பெயர்பெற்ற மாவட்டம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கு இல்லை. ஏரியும் கிணறும்தான் ஆதாரம். அந்த மண்ணில் தங்கம் இருப்பது உள்ளூர் மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரியும். 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி இதைக் கேள்விப்பட்டு, தங்கத்தைக் காட்டுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் பகுதி மக்கள் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண்முன்னே நீரில் அலசித் தங்கத் துகள்களைக் காட்டினார்கள்.

வாரனின் குறிப்பைப் பிற்காலத்தில் படித்த லாவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். 1875-ல் உரிமம் கிடைத்தது. ஆனால், ஆழமாகத் தோண்டப் பெருமுதல் வேண்டும். அது அவரிடம் இல்லை. 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்தது. முதல் சில ஆண்டுகளில் பணம் கரைந்ததுதான் மிச்சம். பழங்காலத்தவர் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்த்தபோதுதான் வளமான தங்க ரேகை அகப்பட்டது. பெயர் தெரியாத அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளர்கள்தான் வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு வழிகாட்டிகள். இதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. பங்காருப்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தது. பாலாற்றில் உள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குடிநீர் வந்தது. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். தலைநகருக்கு முன்பே சுரங்கத்துக்கு மின்சாரம் போனது ஏன்? இந்த ஒரு கேள்வியை வகுப்பில் கேளுங்கள். காலனியப் பொருளாதாரம் என்னும் பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

இறங்கியவர்கள் யார்?

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதன் காயம் ஆறாத காலத்தில்தான் சுரங்கங்கள் ஆள் தேடின. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். பெரும்பாலோர் நிலமற்ற, ஒடுக்கப்பட்ட மக்கள். ஊரில் பண்ணையாரின் முன் கைகட்டி நின்றவர்களுக்குச் சுரங்கத்தில் காசாகக் கூலி கிடைத்தது. அது ஒரு விடுதலை. ஆனால், அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடிமட்டத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். துளையிடும்போது பறக்கும் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயாகும். விபத்தில் இறந்தவர்கள் ஒருபுறம். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வீட்டுத் திண்ணையில் இறந்தவர்கள் மறுபுறம். வேலை செய்பவர்களைத் திருடர்களாகப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. 1930-ல் கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வைவிட மானம் முக்கியம் என்று அவர்கள் நினைத்த தருணம் அது.

அந்த மக்கள் கல்வியையும் கையில் எடுத்தார்கள். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவருடைய எழுத்துகளை நூல்களாக்கி வெளியிட்டது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. அவருக்குப் பின் நின்றுபோன 'தமிழன்' இதழை, 1926-ல் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார் ஜி. அப்பாதுரையார். பகலில் பாறை உடைத்தவர்களின் ஊரில் அச்சகமும் இதழும் படிப்பகமும் இருந்தன. திரைப்படத்தில் இதெல்லாம் வராது. நாம்தான் சொல்ல வேண்டும்.

மூடிய பிறகு

1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. பின்னர் மத்திய அரசு. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம். ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. தங்கத்தின் அளவு குறைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றதும், சுரங்கப் பாதைகளில் நிலத்தடி நீர் நிரம்பியது. குடிநீருக்கு அலையும் ஊரின் அடியில் பயன்படுத்த முடியாத தண்ணீர்!

தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலை மலையாய் நிற்கிறது. 'சயனைடு மேடு' என்பார்கள். காற்றடித்தால் அந்தத் தூசி வீடுகளுக்குள் வரும். அதிகாரிகள் வாழ்ந்த பங்களாக்கள் பல பாழடைந்தன. தொழிலாளர் குடும்பங்கள் லைன் வீடுகளிலேயே தங்கின. நிலுவைத் தொகைக்காகவும் வீட்டுரிமைக்காகவும் நீதிமன்றப் படி ஏறின. இன்று அவர்களின் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூருவில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். 'கைவிடப்பட்ட நகரம்' என்று எழுதுகிறார்கள். கைவிட்டவர் யார், கைவிடப்பட்டவர் யார் என்று மாணவர்கள் கேட்கட்டும்.

வகுப்பில் செய்யக்கூடியவை

கணக்கு ஆசிரியருக்கு ஒன்று. தங்கவயல் மொத்தம் சுமார் 800 டன் தங்கம் தந்தது. அதற்காக வெளியே எடுத்த தாதுப் பாறை சுமார் 5 கோடி டன். வகுத்துப் பார்த்தால் ஒரு டன்னுக்கு 16 கிராம், அதாவது 2 பவுன். ஒரு டன் பாறையை உடைத்துத் தூக்கினால் 2 பவுன்! தசம எண்களும் அலகு மாற்றமும் இதில் அடங்கிவிடும். தன் அம்மாவின் தாலிச் சங்கிலியைக் குழந்தை வேறு கண்ணால் பார்க்கும்.

அறிவியல் ஆசிரியருக்கு இன்னொன்று. 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த இடங்களுள் ஒன்று தங்கவயல். மற்றக் கதிர்களைத் தடுக்க 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாறை தேவைப்பட்டது. நுண்துகளைத் தேடிய அறிஞர்களுக்கு அந்த ஆழத்தைத் தோண்டித் தந்தவர்கள் யார் என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

தமிழ், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு நேர்காணல் பயிற்சி. வீட்டுப் பெரியவர்களிடம் மூன்றே கேள்விகள்: நம் குடும்பத்தில் பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர் யார்? என்ன வேலை செய்தார்? ஏன் திரும்பினார், அல்லது ஏன் திரும்பவில்லை? பதில் தங்கவயலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தேயிலைத் தோட்டமாக இருக்கலாம், செங்கல் சூளையாக இருக்கலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சில வீடுகளில் அந்த நினைவு வலியோடும் சாதியின் அவமானத்தோடும் கலந்திருக்கும். எழுதியதை எல்லார் முன்னும் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். விருப்பமுள்ளவர் படிக்கட்டும்.

அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் குழந்தை, தன் தாத்தாவின் உழைப்பும் வரலாறுதான் என்று அறிந்தால் நிமிர்ந்து உட்காரும். அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.