பயிற்சி ஆசிரியரும் முதல் மாணவர்களும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசப் பேராசிரியர்கள் இருக்கின்றனர். பயிற்சிக் காலத்தில் முதன்முதலாக நம் கையில் ஒப்படைக்கப்படும் வகுப்பின்மீது நமக்கு உண்டாகும் அன்பைப் பற்றி நாம் படித்த பாடநூல் எதுவும் பேசவில்லை. ஆதலின் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

நாம் பி.எட். பயின்ற நாளில் அஃது ஓராண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சியோ ஏறத்தாழ நாற்பது நாள். 2015 முதல் அது ஈராண்டுப் படிப்பாகிவிட்டது. பள்ளியில் செலவிடும் காலமும் நீண்டுவிட்டது. ஆயினும் அந்த அன்பு மாறியதாகத் தெரியவில்லை. நள்ளிரவு வரை விழித்துப் பாடக்குறிப்பு எழுதுவதும், அசோகரின் பேரரசை அட்டையில் வரைந்து வண்ணம் தீட்டுவதும், விடுமுறை நாளில் வகுப்பை எண்ணி ஏங்குவதும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவ்வன்பு உண்டாவதே. நம் வீட்டுப் பிள்ளைக்கு அதில் வேறொன்றும் கலந்திருக்கிறது. தலை நரைத்த நம் தந்தையரை ஊர்ச் சிறுவர்கள் ‘டேய்’ என்று அழைக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய நாம் வாசலில் கால் வைத்த மாத்திரத்தில் நாற்பது பேர் ஒருசேர எழுந்து ‘வணக்கம் ஐயா’ என்கின்றனர். வாழ்வில் நமக்காக எழுந்து நின்ற முதற் கூட்டம் அதுவே. அவ்வகுப்பின்மீது அன்பு பெருகாமல் எவ்வாறு இருக்கும்?

ஆனால், தம்பியரே, அந்த அன்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். மேற்பார்வைப் பேராசிரியர் வந்து அமரும் நாளில் முன்வரிசையிலிருந்து கை உயர்த்தி நம் மானத்தைக் காப்பவனிடமே அது ஓடுகிறது. கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி அமர்ந்திருப்பவளை அது எட்டுவதில்லை. நாம் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மாலைதோறும் வகுப்பின் பெயர்களை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்போம். எப்பெயர் விடுபடுகிறதோ அப்பிள்ளைக்கே மறுநாள் முதல் வினா. அவ்வாறு விடுபட்ட பெயர்களுள் பல, நம் தெருவைப் போன்ற தெருக்களிலிருந்து வந்த பெயர்கள். மறதிக்கும் தெரு தெரியும் போலும்!

இன்னொன்று. உதவித்தொகை விண்ணப்பங்கள் வரும்போது, ‘அந்தப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்’ என்று கூறும் வழக்கம் உண்டு. நமக்காக வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது மகிழ்ச்சி. இங்கே ஏழெட்டுப் பேர் மட்டும் எழுந்து நிற்கின்றனர், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கின்றனர். அப்போது அவர்கள் முகம் எப்படி இருக்குமென்று இந்த அவையில் பலருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024-இல் அறிக்கை அளித்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருத்தலாகாது, உதவித்தொகை குறித்துத் தலைமையாசிரியர் தம் அறைக்குத் தனியே அழைத்துக் கூற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. பயிற்சி ஆசிரியருக்குப் பள்ளியில் அதிகாரம் இல்லைதான். ஆயினும் அப்பட்டியலைப் பணிவுடன் கேட்டு வாங்கி, இடைவேளையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லிவிட அதிகாரம் வேண்டியதில்லை.

‘ஐயா, உங்களுக்கு எந்தத் தெரு?’ என்று வகுப்பு கேட்கும். தெருவைச் சொன்னால் பிள்ளைகளின் அன்பு போய்விடுமோ என்று பயிற்சிக்குச் செல்லும் நம் இளைஞர் பலர் அஞ்சுகின்றனர். நாம் சொன்னோம். வகுப்பு இருந்தபடியே இருந்தது. ஆசிரியர் அறையில்தான் ஓரிரு நாற்காலிகள் சற்றுத் தள்ளிப் போயின.

சாவித்திரிபாய் புலே 1848-இல் பூனாவில் கற்பிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினேழு. புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் பயின்ற முக்தா சால்வே என்னும் மாங்கு சமூகச் சிறுமி, மாங்கு, மகார் மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 1855-இல் அது ‘ஞானோதயா’ இதழில் அச்சேறியது. தன் தெருவைப் பற்றி அஞ்சாமல் எழுதும் துணிவு ஒரு சிறுமிக்கு எத்தகைய வகுப்பறையில் வந்திருக்கும்!

இறுதி நாளன்று பிள்ளைகள் பேனாவும் வாழ்த்து அட்டையும் கொண்டுவருவர். சிலர் அழுவர். ‘மறுபடியும் வருவீர்களா?’ என்பர். வர இயலுமென்றால் மட்டுமே வருவோம் என்று கூறுங்கள். அவர்கள் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். பரிசு கொண்டுவர இயலாத பிள்ளை அன்று பள்ளிக்கே வராமல் இருந்துவிடுவதும் உண்டு. அதனால் பரிசு எதுவும் வேண்டாமென்று ஒரு வாரம் முன்னரே சொல்லிவிடுங்கள்.

இவ்வாண்டு பயிற்சிக்குச் செல்லும் நம் பிள்ளைகள், தம் வகுப்பின் பெயர்களை எழுதிய ஏட்டுடன் ஒரு ஞாயிறன்று சங்க அலுவலகத்திற்கு வருக. விடுபட்ட பெயர்களைச் சேர்ந்து பார்ப்போம்.