படமும் பெயரும்

பண்டசாலை ஒன்றில் ஆயிரம் பெட்டிகள் உள்ளன. அவற்றின்மேல் ஒவ்வொருவரும் தத்தம் மனம்போனவாறு பெயர் எழுதிவிட்டால், வேண்டிய பெட்டி அங்கே இருந்தும் இல்லாததற்கே சமானமாகும். இணையத்தில் நிழற்படங்களைத் தொகுத்து வைக்கும் காப்பகங்களுக்கும் இதே இடர் உண்டு. நூலினுள் எழுத்து உண்டு. அதனைக் கொண்டு நூலைத் தேடலாம். படமோ வாய் பேசாதது. அதனோடு இணைக்கும் குறிச்சொற்களே அதற்கு நாவாகும். இன்றைய கணினி, படத்திலுள்ள மாட்டையும் வண்டியையும் ஓரளவு இனங்காணும். ஆயினும், அவ்வண்டி எவ்வூர்த் திருவிழாவுக்குச் சென்றது என்பதை அறிந்தவரே கூறல் வேண்டும்.

அறிந்தவர் பலர் என்பதற்கு அமெரிக்க நாட்டிலே நல்ல சான்று உண்டு. 2008 ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் நூல்நிலையம் தன் பழைய படங்களுள் ஏறக்குறைய 3,000 படங்களைப் பிளிக்கர் என்னும் இணையத்தளத்தில் வைத்துப் பொதுமக்களின் உதவியை நாடியது. அவ்வாண்டு முடியுமுன் படங்கள் 4,615 ஆயின. பொதுமக்கள் அளித்த குறிச்சொற்களோ 67,176. மக்கள் தந்த செய்திகளைக் கொண்டு 500 க்கும் மேற்பட்ட படங்களின் பட்டியற் குறிப்புகள் திருத்தம் பெற்றன. எனினும், அந்நூல்நிலையம் தன் பட்டியலுக்கெனப் பேணிவரும் வரையறுத்த சொற்றொகுதியைக் கைவிடவில்லை. மக்கள் சொல்லும் வேண்டும். வரையறுத்த சொல்லும் வேண்டும்.

இதனைத் தமிழிலே பொருத்திப் பார்க்கலாம். கடற்கரைப் படம் ஒன்றுக்கு ஒருவர் ‘படகு’ என்று எழுதுவார்; மற்றொருவர் ‘படகுகள்’ என்பார்; மீனவரோ ‘வள்ளம்’ என்பார். ஊர்ப்பெயரை ஒருவர் ‘திருகோணமலை’ என்றும், மற்றொருவர் ‘திருக்கோணமலை’ என்றும் எழுதுவர். ஒரு சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு மற்றச் சொல் இட்ட படங்கள் அகப்படா.

இதற்குப் பரிகாரம் யாது? முதலில், ஒரு பொருளுக்கு ஒரு தலைச்சொல்லைத் தெரிந்து, ஒருமையா பன்மையா என்பதையும் எழுத்துக்கூட்டலையும் உறுதிசெய்தல் வேண்டும். ஏனைய வடிவங்களை அழித்தல் ஆகாது. எச்சொல்லால் தேடினாலும் தலைச்சொல்லுக்கு வழிகாட்டுமாறு அவற்றை அமைத்தல் வேண்டும். அடுத்து, ஒருமைப்பாடு என்ற பெயரால் வேறுபாட்டை விழுங்கிவிடலாகாது. வள்ளம் வேறு, கட்டுமரம் வேறு. ‘படகு’ என்னும் பொதுச்சொல்லின்கீழ் இரண்டும் தனித்தனியே நிற்றல் தகும். அன்றேல், தொழில் செய்வோர் அறிந்த நுண்மை பட்டியலிலிருந்து மறைந்தொழியும்.

பெயர் மாறும் காலமும் உண்டு. 1972 இல் இந்நாட்டின் ஆங்கிலப் பெயர் ‘சிலோன்’ என்பதிலிருந்து ‘ஸ்ரீ லங்கா’ என மாறியது. 1960 இல் எடுத்த படத்தை இரு பெயராலும் தேடுவார் உளர். ஆதலின் படம் எடுத்த காலப் பெயரையும் இன்றைய பெயரையும் ஒருங்கே பதிதல் நலம். இம்முடிவுகள் யாவும் எழுத்தில் இருத்தல் அவசியம். வாய்மொழியான உடன்பாடு அடுத்துப் பணியேற்பவரை எட்டாது.

பழைய படத்தில் நிற்போர் யார், அவ்விடம் எது என்று சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் சொல்லும் பெயரை, சொல்லும்போதே, பின்வருவோர் தேடிக் காணக்கூடிய முறையில் எழுதி வைத்தல் வேண்டும். அது தவறின், பேரன் கணினி முன் அமர்ந்து தேடுங்காலத்தில், பாட்டனாரின் படம் காப்பகத்தில் இருந்தும் அவன் கண்ணில் படாது போய்விடும்.