யப்பானில் ஓர் ஆங்கில ஆசிரியன்

(ஊர் வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெளிநாட்டில் உத்தியோகம் பார்த்தவர், அந்நாட்டுப் புதுமைகளை எடுத்துரைப்பார் என்று தலைவர் என்னை அறிமுகஞ் செய்தார். புதுமைகள் என்னிடம் அதிகம் இல்லை. என் துணைவியார் ஆராய்ச்சிக்காக யப்பானுக்குச் சென்றபோது உடன் சென்ற நான், 2011 தொடக்கம் 2019 வரை எட்டு ஆண்டுகள் நீகாத்தா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன். என் மொழியல்லாத ஒரு மொழியை, அது இல்லாமலே நன்றாக வாழத் தெரிந்த மக்களுக்குக் கற்பித்துச் சம்பளம் பெற்றேன். அவ்வளவே என் கதை.

நீகாத்தா நெல் விளையும் பூமி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கமக்காரப் பெரியோருக்கு அந்த ஊர் பிடித்திருக்கும். மே மாதத்தில் நாற்று நடுவார்கள், செப்டெம்பரில் அறுவடை, மார்கழி பிறந்தாலோ வயலும் வரம்பும் வீதியும் பனிக்குள் மறைந்துவிடும். வீதியின் நடுவே குழாய் புதைத்து, நிலத்தடி நீரைப் பீச்சிப் பனியைக் கரைப்பார்கள். அந்நீரில் நனைந்த காலோடு காலை எட்டு மணிக்கு முன்னர் பாடசாலை சேர்வேன். வாசலிற் சப்பாத்தைக் கழற்றி, உள்ளே அணியும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். வகுப்பறையைக் கூட்டித் துடைப்போர் மாணவரே. மத்தியான உணவையும் வெள்ளை மேலங்கி அணிந்த பிள்ளைகளே சுமந்து வந்து பரிமாறுவர். ஆசிரியரும் அதே சோற்றை அதே வகுப்பறையில் இருந்து உண்பார்.

1987 ஆம் ஆண்டில் யப்பானிய அரசு பிறநாட்டு இளைஞரை உதவி மொழியாசிரியராக வரவழைக்கும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. நான் அத்திட்டத்திற் சென்றவன் அல்லன். உள்ளூரில் வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். ஒவ்வொரு பங்குனியிலும், வரும் சித்திரையில் வேலை உண்டோ இல்லையோ என்ற கவலை வந்துவிடும். இதற்குமுன் வேறோரிடத்தில் நேர்முகப் பரீட்சைக்குச் சென்றபோது, "ஆங்கிலம் உமது தாய்மொழியா?" என்று கேட்டார்கள். "இல்லை, தமிழ்" என்றேன். பரீட்சை அத்துடன் முடிந்தது. பொய் சொல்லியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் பின்னர் கடிந்துகொண்டார். வயிறு அவ்வாறுதான் சொல்லியது, நாக்கு மறுத்துவிட்டது.

வகுப்பிலே எமக்கு அகப்பட்ட பெருந்தடை லகரம். யப்பானிய மொழியில் ரகரத்துக்கும் லகரத்துக்கும் வேறுபாடு இல்லை. "நாங்கள் றைஸ் உண்கிறோம்" என்று சொல்ல முயலும் பிள்ளை "லைஸ் உண்கிறோம்" என்று முடிப்பான். முன்னது சோறு, பின்னது பேன். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் பேன் உண்டதைக் கேட்டு நான் சிரித்ததில்லை. லகரம், ளகரம், ழகரம் மூன்றையும் ஒரேயடியாகக் குழப்பும் தமிழரை நான் நிரம்பக் கண்டவன்.

ஆசிரியர் அறையில் என் ஊரை அறிந்தவர்கள் சுசுமு ஓனோ என்ற பேரறிஞரைப் பற்றிக் கேட்பார்கள். யப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று வாதித்தவர் அவர். 2008 இல் மறைந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணியும் அவ்வாராய்ச்சியில் துணைநின்றனர். மொழியியலார் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை என்பதையும் நான் மறையாமற் சொல்வேன். அண்ணன் தம்பி ஆகாவிட்டாலும் அயலவராக இருக்கலாந்தானே!

நான் கண்டு பொறாமை கொண்டது வேறொன்று. அவ்வூர் வைத்தியர் தமது கல்வியைத் தம் மொழியிற் பயின்றவர். அயல்வீட்டுக் கமக்காரர் உரப்பையில் எழுதியதையும் கிருமிநாசினிப் போத்தலில் எழுதியதையும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாமே வாசிப்பார். என் பாடத்தில் முட்டை வாங்கிய பையனுக்கு அவனுடைய ஊரிலே எந்தக் கதவும் அடைபடவில்லை. ஆங்கிலம் அவர்களுக்கு ஒரு பாடம். எமக்கு அது நெடுங்காலம் தலையெழுத்தாக இருந்தது.

அந்த ஊரிலே எழுத்தறியாதவன் ஒருவன் உண்டென்றால் அவன் நானே. பொதுவழக்குக்கென அரசு வகுத்த சீன எழுத்துக்கள் 2,136. பேசப் பழகிய பின்னும் அவற்றில் காற்பங்கு எனக்குக் கைவரவில்லை. குப்பையைத் தவறான நாளில் வைத்து, ஒட்டுத்தாளோடு அது திரும்பி நிற்கக் கண்டு தலைகுனிந்திருக்கிறேன். நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் என் மகளைக் கூப்பிடுவேன். மூன்று வயதில் அங்கு வந்தவள். பத்து வயதில் அக்கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

அப்பொழுதெல்லாம் என் தந்தையாரே நினைவில் வருவார். என் சிறுபராயத்தில், சிங்களத்தில் வந்த அலுவலகக் கடிதத்தை அவர் சேட்டுப் பையில் மடித்து வைத்து, வாசிக்கத் தெரிந்தவரைத் தேடித் துவிச்சக்கரவண்டியிற் போவார். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனை நான் புத்தகத்திலே படித்தவன் அல்லன். அந்தப் பையிலே பார்த்தவன். 1987 இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது வேறு கதை. நான் யப்பானில் அந்நியன், வலியப் போனவன், எழுத்துத் தெரியாதது என் பாடு. என் தந்தையாரோ தமது பாட்டன் வெட்டிய கிணற்றடியிலே நின்றுகொண்டு அந்நியராக்கப்பட்டவர்.

இனி, சொல்ல வெட்கப்படும் ஒன்றையும் சொல்லவேண்டும். அதே தந்தையார் பேர்த்திக்குத் தமிழிலே கடிதம் எழுதினார். அதை அவளால் வாசிக்க முடியவில்லை. நாளும் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு மொழி படிப்பித்துக் களைத்து வந்த மொழியாசிரியன், தன் பிள்ளையோடு எது இலகுவோ அதைப் பேசிக் காலங்கழித்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை கொப்பியோடு அவளை இருத்தினேன். இகரத்தை எழுதிக் காட்டினேன். யப்பானியப் பாடசாலையிலே எந்த எழுத்துக்கும் எந்தக் கோடு முந்தியது, எது பிந்தியது என்று ஒழுங்கு உண்டு. பிழைத்தால் ஆசிரியர் விடமாட்டார். ஆகவே அவள் கேட்டாள்: "அப்பா, இதை எங்கே தொடங்குவது?"

எத்தனையோ ஆண்டுகளாக எழுதிவரும் எழுத்து. எனக்கு உடனே விடை தோன்றவில்லை. பென்சிலை வைத்துவிட்டு, குசினியிலிருந்து ஒரு தட்டில் அந்த ஊர் அரிசியைப் பரப்பிக்கொண்டு வந்தேன். ஏடு தொடக்கிய நாளில் என் விரலைப் பிடித்த கையை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அரிசியிலே எழுதிப் பார்த்தேன். விரல் தானாகத் தொடங்கிய இடத்தை அவளுக்குக் காட்டினேன்.