கோடையில் வீட்டுத் தோட்டம்: ஒரு தண்ணீர்க் கணக்கு

(தில்லி அரசுக் குடியிருப்பொன்றில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காய்கறித் தோட்டத்தைப் பற்றிப் பேசப் பொருளாதாரம் படித்த ஒருவனை அழைத்திருக்கிறீர்கள். வேளாண்மை எனது துறையன்று. எனினும் கோடையில் தோட்டம் வளர்ப்பது பெரும்பாலும் ஒரு கணக்கே. பற்றாக்குறையான ஒரு பொருளை எங்கே, எவ்வளவு, எதற்காகச் செலவிடுவது என்பதுதான் பொருளாதாரத்தின் அடிப்படைக் கேள்வி. நம் தோட்டத்தில் அப்பொருள் தண்ணீர்.

முதல் கோடையின் பாடம்

மாற்றலாகித் தில்லிக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த வீட்டின் பின்புறத்தில் 10 சதுர மீட்டர் நிலம் இருந்தது. குளிர்காலத்தில் பாலக்கும் முள்ளங்கியும் பட்டாணியும் தாமாகவே விளைந்தது போல் விளைந்தன. அந்த வெற்றியில் மயங்கி, தக்காளிச் செடிகளைக் கோடையிலும் காப்பாற்றிவிடலாம் எனக் கருதினேன். மே மாதத்தில் லூ என்னும் அனல்காற்று வீசத் தொடங்கியது. பூக்கள் உதிர்ந்தன. இலைகள் வாடுவதைக் கண்டு நண்பகலில் ரப்பர்க் குழாயால் தண்ணீர் பாய்ச்சினேன்.

ஒருநாள் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையார் தாமதமாக வந்தார். அவர் வாழும் பகுதிக்கு இரண்டு நாட்களாகத் தண்ணீர் லாரி வரவில்லை. மண்ணில் ஓடிக்கொண்டிருந்த நீரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சாஹப், இதிலிருந்து இரண்டு வாளி பிடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். அன்றே குழாயை நிறுத்திவிட்டேன். தக்காளியும் காய்ந்துபோயிற்று. தோட்டம் போட நமக்கு உரிமை உண்டா என்ற கேள்வி மட்டும் நின்றது.

அக்கேள்வி என் ஒருவனுடையதன்று. 2024 மே மாத இறுதியில், குழாய் நீரால் வாகனம் கழுவுவது போன்ற வீண் செலவுகளுக்கு 2,000 ரூபாய் அபராதம் என்று தில்லி அரசு அறிவிக்க நேர்ந்ததை நாம் அறிவோம்.

நிலமன்று, நீரே அளவுகோல்

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர். தில்லியின் மே, ஜூன் வெயிலில் செடிகள் நிறைந்த பாத்தி ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 லிட்டர் நீரை இழக்கிறது. அப்படியானால் என் 10 சதுர மீட்டருக்கு 70 லிட்டர் தேவை. நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்ட அளவு. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 540 லிட்டர். அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கைத் தோட்டத்திற்குத் தருவது நியாயமாகாது.

ஆனால் அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரை எங்கள் சமையலறையில் ஒரு வாரம் சேர்த்து அளந்து பார்த்தோம். நாளொன்றுக்கு 30 லிட்டர் அளவில் இருந்தது. மண்ணை மூடி வைத்தால் சதுர மீட்டருக்கு 6 லிட்டர் போதும் எனக் கொள்வோம். ஆக, 5 சதுர மீட்டர் நிலத்தை நாம் தாங்கலாம். எஞ்சிய பாதியை மழைக்காலம் வரை தரிசாக விட்டுவிட்டேன். கோடைத் தோட்டத்தின் முதல் விதி இதுவே: நிலம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கலாகாது, மறுமுறை பயன்படும் நீர் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. சோப்புத்தூள் கலந்த நீரும், கூலர் தொட்டியில் எஞ்சிய நீரும் செடிக்கு ஆகா. கூலரில் நீர் ஆவியாக, உப்பு தங்கிவிடுகிறது. குடிநீர் வடிப்பானின் கழிவு நீரும் உப்பு மிகுந்ததே. அதைத் தரை துடைக்கப் பயன்படுத்துவது நன்று.

எதை வளர்ப்பது?

தக்காளிப் பூவின் மகரந்தம் கடும் வெப்பத்தில் வலுவிழக்கிறது. இரவும் சூடாக இருந்தால் காய் பிடிப்பதில்லை. எவ்வளவு நீர் விட்டாலும் இது மாறாது. வெப்பத்திற்கு இயல்பாகவே ஈடுகொடுப்பவை கொத்தவரை, காராமணி, வெண்டை, சுரை, பீர்க்கு, பாகல், தண்டுக்கீரை, பருப்புக்கீரை ஆகியன. இவற்றைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைத்துவிட்டால் அனல்காற்று வருமுன் வேர் ஆழமாக இறங்கிவிடும். நம் ஊரிலேயே உள்ள வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் பூசா நவ்பகார் என்ற கொத்தவரையையும், பூசா தோ மௌசமி என்ற பாகலையும் தந்துள்ளது. பீகாரின் பூசாவில் இருந்த அக்கழகம், 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் 1936-இல் தில்லிக்கு வந்தது. பழைய ஊரின் பெயர் விதைகளில் நிலைத்துவிட்டது.

பராமரிப்பு

மார்ச், ஏப்ரலில் வேப்ப மரங்கள் இலை உதிர்க்கின்றன. அச்சருகுகளை எரிக்காமல் இரண்டு, மூன்று அங்குலக் கனத்திற்குப் பாத்தியில் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் சிறிது இடம் விடவேண்டும்.

குளிர்ச்சி குறைந்துவிட்டதென ஒதுக்கிய பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவையுங்கள். சுற்றிலும் நான்கு சுரை விதைகளை ஊன்றினால், நீர் மெல்லக் கசிந்து வேருக்கே சென்று சேரும். சுரைக் கொடியை மேற்குப் பக்கப் பந்தலில் ஏற்றினால், பிற்பகல் வெயிலிலிருந்து கீரைப் பாத்திக்கு நிழல் கிடைக்கும்.

நண்பகலில் சுரையிலை தொங்குவதைக் கண்டு பதற வேண்டா. மாலையில் இலை நிமிர்ந்துவிட்டால் வேரில் ஈரம் உண்டென்று பொருள். ஐயமிருந்தால் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். நீர் விடுவது விடியற்காலையிலோ, பொழுது சாய்ந்த பின்னரோ இருக்கட்டும். வறட்சியில் இலையின் அடியில் சிவப்புச் சிலந்திப் பேன் பெருகும். தொடக்கத்திலேயே இலையடியில் நீர் தெளித்துக் கழுவினால் கட்டுப்படும்.

இலாபம் யாது?

இத்தோட்டம் சந்தைக்கு மாற்றாகாது. ஒருவர் நாள்தோறும் கீரை உட்பட 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். நால்வருக்கு 1,600 கிராம். 5 சதுர மீட்டரில் அது விளையாது. நம் உழைப்பிற்குக் கூலி போட்டால் பண இலாபமும் அரிதே.

இலாபம் வேறிடத்தில் உள்ளது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் லாரியில் எவ்வளவு தொலைவும் வரும். கீரையோ கோடைவெயிலில் சில மணி நேரத்தில் வாடிவிடும். எனவே, பயணத்தில் மதிப்பிழக்கும் பொருளையே வீட்டில் விளைவிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது வாரம் இருமுறை பறித்த கையோடு கீரை சமைக்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை உள்ள நாட்டில் இது சிறிய செய்தியன்று. கீரை மட்டும் அதைத் தீர்த்துவிடாது; ஆயினும் எலுமிச்சைச் சாறு சேர்த்த கீரை உணவு நல்ல தொடக்கம்.

வாளி கேட்ட அம்மையார் இன்றும் எங்களிடம் வருகிறார். காராமணியும் கீரையும் பறிக்கும் நாளில் ஒரு பங்கு அவர் வீட்டிற்கும் செல்கிறது. சென்ற மார்ச்சில் எங்களிடம் விதை வாங்கிச் சென்று, இரண்டு பழைய டின்களில் தண்டுக்கீரை விதைத்தார். பாத்திரம் கழுவுமுன் அலசும் நீரே அதற்குப் போதுமாம். நமக்கு அவர் சொல்லும் செய்தி அதுவே: தோட்டத்திற்குத் தனியாகத் தண்ணீர் தேட வேண்டாம், வீணாகும் நீர் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும்.